வெள்ளிடைமலையா, புதுக்கண்டுபிடிப்பா?

விடுகதை ஒன்றை யாரேனும் நம்மிடம் போட்டால், விடை கிடைக்கும்வரை நம் அறிவு தடுமாறுகிறது. விடையைக் கேட்ட மறுகணமே, "இது தெரியாதா?" என்று சிரிக்கிறோம். ஒரு நொடிக்கு முன்னர் நமக்கு அது தெரியவில்லை என்பதை நாமே மறந்துவிடுகிறோம். திண்ணைப் பேச்சில் இம்மறதியால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால், ஒருவர் கண்டுபிடித்ததாகக் கூறும் பொருள் உண்மையிலேயே கண்டுபிடிப்புத்தானா, அல்லது துறையறிந்த எவருக்கும் வெள்ளிடைமலையெனத் தோன்றியிருக்கக் கூடியதா என்று தீர்ப்புக் கூற வேண்டிய நீதிபதியிடம் இதே மறதி குடிகொண்டால், உழைத்துக் கண்டவன் தன் உரிமையை இழப்பான். அதற்கு மாறாக, எளியதை அரியதென்று நீதிபதி மயங்கிவிட்டாலோ, எல்லோருக்கும் பொதுவான அறிவு ஒருவருடைய தனியுடைமை ஆகிவிடும். அதற்குரிய விலையைப் பொதுமக்கள் கொடுக்க வேண்டிவரும். பொருள் ஒரு மருந்தாயின், அவ்விலையை நோயாளி கொடுப்பான்.

இக்கேள்வி இரசாயனத் துறையில் எழும்போது மிகவும் சிக்கலாகிறது. லைப்சிக், லண்டன், பம்பாய் ஆகிய மூன்று நகரங்களின் நீதிமன்றங்கள் ஏறத்தாழ எண்பது ஆண்டுக் கால எல்லைக்குள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இங்கே நாம் காண்போம். முதலாவது ஒரு சாயத்தைப் பற்றிய வழக்கு. இரண்டாவது ஒரு கிருமிநாசினியைப் பற்றியது. மூன்றாவது நம் நாட்டில் இன்று எண்ணற்ற குடும்பங்கள் அறிந்துள்ள நீரிழிவு நோய்க்கான மாத்திரையைப் பற்றியது.

முதலில் காப்புரிமை என்பது யாதெனப் பார்ப்போம். பேடன்ட் என்று பேச்சில் வழங்கும் இவ்வுரிமை, அரசுக்கும் கண்டுபிடிப்பாளனுக்கும் இடையே ஏற்படும் ஓர் ஒப்பந்தம் போன்றது. "நீ கண்டதை மறைக்காமல் எழுதிக் கொடு, குறிப்பிட்ட சில ஆண்டுகள்வரை உன் அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்யாமல் பார்த்துக்கொள்கிறோம், அக்காலம் கழிந்ததும் அது ஊருக்குப் பொது" என்பதே அவ்வொப்பந்தத்தின் சாரம். இதனைப் பெறுவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். பொருள் புதிதாக இருக்க வேண்டும். பயனுடையதாக இருக்க வேண்டும். முன்னரே அறியப்பட்டவற்றிலிருந்து துறையறிந்தவனுக்கு எளிதில் தோன்றிவிடக்கூடியதாக இருத்தல் ஆகாது. முதலிரண்டையும் சோதித்தல் பெரும்பாலும் எளிது. மூன்றாவதுதான் வழக்கறிஞர்களுக்குப் பிழைப்பையும் நீதிபதிகளுக்குத் தலைவலியையும் தருவது.

மூன்றாவது தகுதியை அளப்பதற்காகச் சட்டம் ஒரு கற்பனை மனிதனைப் படைத்துக்கொண்டது. அவன் தன் துறையில் வெளிவந்த நூல்களையும் கட்டுரைகளையும் கையில் வைத்திருப்பவன், தொழிலில் கைதேர்ந்தவன், ஆயினும் தானாகப் புதிது புனையும் ஆற்றல் அற்றவன். நல்ல சமையற்காரர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இட்டிலிக்குப் புழுங்கலரிசி கிடைக்காத ஊரில் அவர் பச்சரிசியைக் கொண்டு, உளுந்தின் அளவைச் சற்றே மாற்றி ஒப்பேற்றிவிடுவார். இதைக் கண்டுபிடிப்பு என்று எவரும் கொண்டாடுவதில்லை. கைப்பழக்கம் என்றே கூறுவோம். அந்தக் கற்பனை மனிதனும் இத்தகைய கைப்பழக்கத்தால் சென்று அடையக்கூடிய எல்லைக்குள் இருப்பது எதுவோ, அதற்குக் காப்புரிமை இல்லை.

இரசாயனத்தில் தொல்லை எங்கே தொடங்குகிறது? ஓர் இயந்திரத்தின் புதுமை அதன் உறுப்புகளிலேயே கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஓர் இரசாயனி புதிய பொருள் ஒன்றை ஆக்கும்போது, அவன் கையாளும் வினைகள் பெரும்பாலும் பழையனவே. அமிலத்தைச் சேர்த்தல், சூடேற்றல், வடித்தல், படிகமாக்கல் ஆகிய யாவும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் செய்பவை. தொடக்கப் பொருள்களும் கடையில் கிடைப்பவை. அறிந்த பொருள்களின்மீது அறிந்த வினையைச் செலுத்தியதற்குக் காப்புரிமையா என்று எதிரி கேட்கிறான். அதுவரை உலகில் இல்லாத பயனுள்ள பொருள் ஒன்று தோன்றியிருக்கிறதே என்று உரிமையாளன் விடையிறுக்கிறான். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

இப்போராட்டம் முதன்முதலில் கூர்மையடைந்தது ஜெர்மனியில். அந்நாட்டின் 1877-ஆம் ஆண்டுச் சட்டம் உணவு, மருந்து, இரசாயனப் பொருள் ஆகியவற்றுக்கு நேரடியாகக் காப்புரிமை அளிக்க மறுத்தது. அவற்றை ஆக்கும் முறைக்கு மட்டுமே உரிமை அளித்தது. ஒருவன் ஒரு முறையைக் காத்துக்கொண்டால், வேறொருவன் வேறொரு முறையைத் தேடலாம். அவ்வாறு தொழில் வளரும் என்பது அதன் நோக்கம். இதனால் விளைந்தது யாது? புதிய பொருள் எதுவாயினும், அது 'முறை' என்ற ஒரே வாயிலின் வழியாகத்தான் சட்டத்தின் மாளிகைக்குள் நுழைய வேண்டியதாயிற்று. முறையோ பழையது. அப்படியாயின் வாயில் அடைபட்டதா?

1884-இல் பால் பெட்டிகர் என்ற ஜெர்மானிய இரசாயனி ஒரு சிவப்புச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். பென்ஸிடீன் என்ற பொருளை நைட்ரஸ் அமிலத்தால் மாற்றி, அதனை நாப்தயானிக் அமிலத்துடன் இணைத்தால் அச்சாயம் கிடைத்தது. இத்தகைய இணைப்புக்கு அடிப்படையான வினையைப் பீட்டர் கிரீஸ் 1858-இலேயே வெளியிட்டிருந்தார். அதன்பின் கால் நூற்றாண்டில், அவ்வழியே சென்று சாயங்களை ஆக்குவது தொழிற்சாலைகளின் அன்றாட வேலையாகிவிட்டது. பெட்டிகரின் சாயத்துக்குக் 'காங்கோ சிவப்பு' என்று பெயர் வந்தது. பெர்லினைச் சேர்ந்த ஆக்ஃபா நிறுவனம் அதன் உரிமையை வாங்கிற்று.

அச்சாயத்தின் சிறப்பு அதன் நிறத்தில் இல்லை. நிறத்தைப் பொறுத்தவரை அது குறைபாடுடையதே. சிறிது அமிலம் பட்டாலும் நீலமாக மாறிவிடும். சிறப்பு வேறிடத்தில் இருந்தது. பருத்தி நூலில் சாயம் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது நம் நாட்டுச் சாயக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த செய்தி. கடுக்காய் நீரிலும் படிகாரத்திலும் தோய்த்துப் பதப்படுத்தினாலன்றி வேர்ச்சாயம் துணியில் நிற்பதில்லை. காங்கோ சிவப்போ இத்தகைய துணைப்பொருள் எதுவுமின்றிக் கொதிநீரிலிருந்து நேரே பருத்தியில் ஏறிக்கொண்டது. செயற்கைச் சாயங்களில் அதற்குமுன் அவ்வாறு பருத்தியில் நேரே ஏறியது இல்லை. எந்த நூலிலும் அது முன்கூட்டிக் கூறப்படவுமில்லை.

உரிமையை மீறியவர்கள்மீது வழக்கு எழுந்தது. எதிர்த்தரப்பினர், "இம்முறை ஊரறிந்தது, இதில் கண்டுபிடிப்பு எங்கே?" என்று கேட்டனர். வழக்கு லைப்சிக் நகரிலிருந்த பேரரசின் உயர்ந்த நீதிமன்றத்தை அடைந்தது. 1889-இல் அம்மன்றம் அளித்த தீர்ப்பு இரசாயனச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். முறை தன்னளவில் பழையதே என்பதை அம்மன்றம் மறுக்கவில்லை. ஆயினும், அம்முறையைக் குறிப்பிட்ட பொருள்களின்மீது செலுத்தியதால் எவரும் எதிர்பாராத தொழிற்பயன் ஒன்று விளைந்ததெனின், அந்த விளைவே கண்டுபிடிப்பின் தகுதியைத் தருகிறது என்று கருதிற்று. உரிமை நிலைத்தது. பாதை பழையதா என்று மட்டும் கேளாமல், பாதை சென்று சேரும் ஊர் முன்பே தெரிந்ததா என்றும் கேட்க வேண்டும் என்பதே இத்தீர்ப்பு நமக்குக் கற்பிப்பது.

இனி லண்டனுக்குச் செல்வோம். முதல் உலகப் போருக்கு முன்னர், சாயத்திலும் மருந்திலும் ஜெர்மானிய நிறுவனங்களின் ஆதிக்கத்தால் இங்கிலாந்து இடர்ப்பட்டது. ஆகவே போர் முடிந்தபின், 1919-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் மூலம் அந்நாடும் இரசாயனப் பொருள்களுக்குத் தனியே உரிமை தருவதை நிறுத்தி, ஆக்கும் முறையோடு இணைத்தே அளிக்கலாயிற்று. இக்கட்டுப்பாடு 1949 வரை நீடித்தது. இதன் நிழலில் எழுந்ததே ஷார்ப் அண்டு டோம் நிறுவனத்துக்கும் பூட்ஸ் மருந்து நிறுவனத்துக்கும் இடையே நடந்த வழக்கு. 1928-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை முடித்து வைத்தது.

வழக்குக்கு உரிய பொருள் ஹெக்ஸைல் ரிஸார்ஸினால் என்ற கிருமிநாசினி. ரிஸார்ஸினால் என்ற பழைய பொருளுடன் கரியணுச் சங்கிலி ஒன்றை ஒட்டவைத்தால் அது கிடைக்கும். ஒட்டவைக்கும் வினையும், அதன்பின் ஆக்ஸிஜனை நீக்கிச் சங்கிலியைச் செம்மைப்படுத்தும் வினையும் முன்பே அறியப்பட்டவை. இரண்டாவது வினை கிளெமன்ஸென் என்பவர் 1913-இல் வெளியிட்டது. இதுவரையில் நிலைமை காங்கோ சிவப்பை ஒத்திருக்கிறது. பாதை பழையது, பொருள் பயனுள்ளது. ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. அமெரிக்க இரசாயனிகளான ஜான்ஸனும் லேனும் 1921-இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தனர். ரிஸார்ஸினாலுடன் ஒட்டிய சங்கிலி நீள நீளக் கிருமிகளைக் கொல்லும் வலிமையும் வளர்கிறது என்பதை அவர்கள் சிறிய சங்கிலிகளைக் கொண்டு காட்டியிருந்தனர். அவர்கள் நின்ற இடத்திலிருந்து அதே திசையில் இன்னும் சில அடிகள் நடந்தால் ஹெக்ஸைல் வந்துவிடும்.

இவ்வழக்கில் கேட்கப்பட்ட கேள்வி இன்றும் காப்புரிமைச் சட்டத்தில் அதனை வகுத்தவரின் பெயராலேயே வழங்குகிறது. அவர் வேறு யாருமல்லர். 1942-இல் பிரிட்டிஷ் அரசின் தூதராக நம் நாட்டுக்கு வந்து, காந்தியடிகளிடமும் நேருவிடமும் ஜின்னாவிடமும் பேசித் தோல்வியுடன் திரும்பிய ஸர் ஸ்டாஃபர்டு கிரிப்ஸ்தான். அரசியலுக்கு வருமுன் அவர் பெயர்பெற்ற காப்புரிமை வழக்கறிஞர். லண்டனில் வில்லியம் ராம்ஸேயிடம் இரசாயனம் பயின்றவர். அவர் வகுத்த கேள்வியின் கருத்து இதுவே: உரிமை கோரப்பட்ட நாளில் நிலவிய நூலறிவையும் பொது அறிவையும் மட்டுமே கொண்ட தேர்ந்த இரசாயனி ஒருவனுக்கு, இம்முறையால் இப்பயனுள்ள மருந்துப் பொருளை ஆக்கலாம் என்பது நடைமுறையில் வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா?

இக்கேள்வியின் அருமையைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். இது நீதிபதியை இன்றைய நாளிலிருந்து கைப்பிடித்து அழைத்துச் சென்று, உரிமை கோரப்பட்ட அந்த நாளில் நிறுத்துகிறது. விடையை மறக்கச் செய்து, விடுகதையை மட்டும் அவர் கையில் கொடுக்கிறது. அத்துடன், 'முறை தெரியுமா?' என்று மட்டும் கேளாமல், 'அம்முறையால் இப்பயன் கிடைக்கும் என்று தோன்றுமா?' என்றும் கேட்கிறது. அவ்வாறு கேட்டபோது, ஹெக்ஸைல் ரிஸார்ஸினாலின் உரிமை நிற்கவில்லை. பாதை மட்டுமன்றி, ஊரின் பெயர் எழுதிய கைகாட்டி மரமும் அங்கே முன்பே நடப்பட்டிருந்தது. லைப்சிக் மன்றம் உரிமையைக் காத்தது; லண்டன் மன்றம் அதனை நீக்கியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்போலத் தோன்றினும், அடிப்படை நெறி ஒன்றே. முன்னதில் ஊர் எதிர்பாராதது. பின்னதில் ஊர் எதிர்பார்க்கப்பட்டது.

இப்போது பம்பாய்க்கு வருவோம். வழக்கைப் புரிந்துகொள்ள, நீரிழிவுக்கு மாத்திரை வந்த கதையை முதலில் அறிதல் வேண்டும்.

இன்ஸுலின் 1921-இல் டொரான்டோ நகரில் பிரித்தெடுக்கப்பட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அது உயிர் காக்கும் மருந்து. ஆயினும் ஊசி வழியாகவே செலுத்தப்பட வேண்டியது. 1942-இல், போரின் நடுவே, பிரான்ஸின் மான்பெலியே நகரில் ஷான்பான் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய ஸல்பா மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுள் சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறைந்தது. சிலர் இறந்தும் போயினர். அதே நகரின் லூபாத்தியேர் இதனை நாய்களில் ஆராய்ந்தார். கணையம் உள்ள நாய்களில் அம்மருந்து சர்க்கரையைக் குறைத்தது. கணையம் நீக்கப்பட்ட நாய்களில் குறைக்கவில்லை. எனவே கணையத்தைத் தூண்டி இன்ஸுலினைச் சுரக்கச் செய்வதே அதன் செயல் என்று அவர் முடிவு செய்தார். பின்னர், 1955-இல் பெர்லின் மருத்துவர்களான ஃப்ராங்கும் ஃபூக்ஸும் கார்புடமைடு என்ற வேறொரு ஸல்பாப் பொருளுக்கும் இக்குணம் உண்டென்று வெளியிட்டனர். ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் இரசாயனிகள் அதே குடும்பத்தில், ஓர் அமினோத் தொகுதிக்குப் பதிலாக மீத்தைல் தொகுதி அமைந்த டால்புடமைடு என்ற பொருளை ஆக்கினர். கிருமிகளைக் கொல்லும் குணம் அதனிடம் இல்லை. சர்க்கரையைக் குறைக்கும் குணம் மட்டும் நின்றது. 1956-இல் அது ஜெர்மனியில் பயனுக்கு வந்தது. 'ராஸ்டினான்' என்ற பெயரில் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் விற்பனையாயிற்று.

இதனை ஆக்கும் முறையோ மிகப் பழைய இரசாயனத்தைச் சேர்ந்தது. தொலுயீனிலிருந்து வரும் ஸல்போனமைடு அதன் ஒரு பாதி. சர்க்கரைக்குப் பதிலியான ஸாக்கரினைச் செய்கையில் உடன்விளைவாக வரும் பொருளிலிருந்தே அதனைப் பெறலாம் என்பது விதியின் ஒரு சிறு விளையாட்டு. மறுபாதி யூரியாவின் வகையைச் சேர்ந்தது. யூரியாவை வோலர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியது 1828-இல். இரண்டையும் இணைக்கும் வினைகளை இரசாயன நூல்கள் நெடுங்காலமாகக் கற்பித்து வந்தன. ஹோக்ஸ்ட் நிறுவனம் இந்தியாவில் பெற்ற உரிமைப் பத்திரம், ஸல்போனைல் யூரியா என்ற இவ்வகைப் பொருள்களை ஆக்குதற்கு இத்தகைய பல முறைகளை வரிசையாகக் கூறிற்று. ஒரு வழியை அடைத்தால் மற்றொரு வழியில் எவரும் புகுந்துவிடாதபடி வேலி சுற்றிலும் அமைந்தது.

இந்நிலையில் பம்பாயைச் சேர்ந்த யுனிகெம் நிறுவனம் டால்புடமைடைத் தயாரித்து விற்கலாயிற்று. அது பின்பற்றிய முறை ஹாப்கின் ஆய்வு நிலையத்தில் உருவானது. மும்பையில் வாழும் நம்மவர் பரேல் வழியே செல்கையில் இந்நிலையத்தைக் கண்டிருப்பார்கள். பிளேக் நோய்க்குத் தடுப்பூசி கண்ட வால்டெமார் ஹாப்கின் 1899-இல் அங்கே, முன்பு ஆளுநர் மாளிகையாக இருந்த கட்டடத்தில், தம் ஆய்வுக்கூடத்தை நிலைநாட்டினார். 1925-இல் அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மக்கள் பணத்தில் நடைபெறும் அப்பொது நிலையத்தின் இரசாயனிகள், தயோயூரியா என்ற கந்தகம் கலந்த பொருளை முதலில் ஆக்கி, அதிலிருந்து கந்தகத்தை நீக்கி டால்புடமைடைப் பெறும் வழியை வகுத்து, அதற்குத் தனியே காப்புரிமையும் பெற்றிருந்தனர். வெளிநாட்டு நிறுவனத்தின் உரிமை ஒருபுறம். இந்திய நிலையத்தின் உரிமை மறுபுறம். ஹோக்ஸ்ட் நிறுவனம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது 1911-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம். உரிமை கோரிய நாளுக்கு முன் அறியப்பட்டிருந்தவற்றை நோக்க, கண்டுபிடிப்பு வெளிப்படையானது எனில் உரிமையை நீக்கலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. வழக்கைக் கேட்ட நீதிபதி விமாதலால்முன் இரு பெருங்கேள்விகள் நின்றன. ஹோக்ஸ்டின் உரிமை செல்லுமா? செல்லுமெனில், ஹாப்கின் முறை அதனை மீறியதாகுமா? முதற்கேள்வியில் எதிர்த்தரப்பினர் கொண்டது நாம் லைப்சிக்கிலும் லண்டனிலும் கேட்ட அதே வாதந்தான்: கூறப்பட்ட முறைகள் யாவும் அறிந்தவை, தொடக்கப் பொருள்களும் அறிந்தவை, எனவே கண்டுபிடிப்பு இல்லை.

1968-இல் தீர்ப்பு வந்தது. அறிந்த முறையேயாயினும், அறிந்த பொருள்களின்மீது அதனைச் செலுத்தி, பயனுள்ள புதிய பொருளைப் பெற்றிருப்பின், அதில் கண்டுபிடிப்பு இருக்கக்கூடும் என்ற நெறியை நீதிமன்றம் ஏற்றது. உரிமை செல்லும் என முடிவாயிற்று. ஹாப்கின் முறையில் கந்தகத்தை நீக்கும் வினை, ஹோக்ஸ்டின் பத்திரம் சுட்டிய வழிகளுள் ஒன்றில் அடங்கும் என்றும் முடிவாயிற்று. ஆகவே உரிமை மீறப்பட்டதாயிற்று, யுனிகெம் தோற்றது.

இத்தீர்ப்பைப் படிக்கும்போது நம் உள்ளத்தில் இருவேறு உணர்ச்சிகள் எழுகின்றன. பரேலில் உழைத்த நம் நாட்டு இரசாயனிகளின் முயற்சி வீணாயிற்றே என்ற வருத்தம் ஒன்று. ஏழை நோயாளிக்கு மலிவாகக் கிடைக்கக்கூடிய மருந்து தடைபட்டதே என்ற மனக்குறை அதனோடு சேர்கிறது. மற்றொன்று, நேர்மையான ஓர் ஐயம். டால்புடமைடு உண்மையில் வெளிப்படையானதா? இன்று பாடநூலைத் திறந்து, ஸல்பா மருந்திலிருந்து கார்புடமைடுக்கும், அதிலிருந்து டால்புடமைடுக்கும் ஒரு கோடு இழுத்துப் பார்க்கையில், எல்லாம் நேர்கோடாகவே தெரிகிறது. ஆனால் அக்கோட்டை இழுப்பவர்கள் நாம், விடை தெரிந்தவர்கள். ஆயிரக்கணக்கான ஸல்பாப் பொருள்கள் ஆக்கப்பட்டிருந்த அந்நாளில், கிருமியைக் கொல்லும் குணத்துக்கு இன்றியமையாததெனக் கருதப்பட்ட பகுதியை நீக்கியபின் எந்தக் குணம் நிற்கும், எது மறையும் என்று முன்கூட்டிச் சொல்வது எளிதாக இருந்திருக்காது. 'முறை பழையது' என்ற ஒரே காரணத்துக்காக அதனை வெள்ளிடைமலை என்று தள்ளியிருந்தால், அது விடை தெரிந்தவன் விடுகதைக்குச் சிரிப்பது போன்றதாகவே இருந்திருக்கும்.

அப்படியாயின் நோயாளியின் குறைக்கு யார் மறுமொழி சொல்வது? இங்கேதான் நாம் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, இது கண்டுபிடிப்புத்தானா என்பது. அதற்கு விடையளிக்க வேண்டியவர் நீதிபதி. மற்றொன்று, கண்டுபிடிப்பேயாயினும் எவ்வளவு காலம், எந்த எல்லைவரை அதற்குத் தனியுரிமை தரலாம் என்பது. அதற்கு விடையளிக்க வேண்டியது மக்கள் மன்றம். மருந்தின் விலையைக் கண்டு இரங்கி, அரியதை எளியதென்று நீதிபதி தீர்ப்புச் செய்தால், நாளை நம் நாட்டுக் கண்டுபிடிப்பாளனும் அதே அளவுகோலால் வீழ்வான். விலைக்கு அஞ்சாமல் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பென்று ஏற்றுக்கொண்டாலோ, பொது அறிவு வேலிக்குள் அடைபடும்.

இப்பிரிவினையைத் தெளிவாக உணர்ந்தவர்களுள் ஒருவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிப் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் அமர்ந்த என். இராஜகோபால ஐயங்கார். பம்பாய்த் தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே, 1959 செப்டம்பரில், காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி அவர் நடுவண் அரசுக்குத் தம் அறிக்கையை அளித்திருந்தார். நம் நாட்டில் அளிக்கப்பட்ட உரிமைகளில் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டார் கையிலிருப்பதையும், அவற்றுள் பெரும்பாலானவை இங்கே தொழிலாக நடத்தப்படாமலே கிடப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஜெர்மனி முதலிய நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, உணவுக்கும் மருந்துக்கும் பொருளுரிமை வேண்டா, முறையுரிமை மட்டும் போதும் என்று பரிந்துரைத்தார். அதே 1959-இன் இறுதியில் அமெரிக்க மேலவையில் கெஃபாவர் தலைமையில் மருந்து விலைகளைப் பற்றிய விசாரணை தொடங்கிற்று. நீரிழிவு மாத்திரைகளும் அவ்விசாரணையில் இடம்பெற்றன. வருவாய் குறைந்த இந்தியாவில் சில மருந்துகளின் விலை உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருந்ததை அக்குழு சுட்டியபோது, நம் நாட்டில் அது ஆழ்ந்த சிந்தனையைத் தூண்டியது.

நெடிய விவாதத்துக்குப் பின் 1970-இல் புதிய காப்புரிமைச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் பதினாறு ஆண்டுகள் நீடித்த உரிமை, மருந்தாக்கும் முறைகளைப் பொறுத்தவரை, உரிமை முத்திரையிடப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகள் அல்லது உரிமையின் தேதியிலிருந்து ஏழாண்டுகள், இவற்றுள் எது குறைவோ அதுவரை என்று சுருக்கப்பட்டது. மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை. முறைக்கு மட்டுமே உரிமை. இதன் பயனாக, அறிந்த மருந்துக்கு அறியாத வழி தேடும் கலையில் நம் இரசாயனிகள் உலகம் வியக்கும் தேர்ச்சி பெற்றனர். கண்டுபிடிப்பு எது என்ற அளவுகோலைத் தாழ்த்தாமலே, தனியுரிமையின் எல்லையைச் சுருக்கி, நோயாளியின் குறைக்கு மக்கள் மன்றம் மறுமொழி கூறிற்று.

நிற்க. கிரிப்ஸின் கேள்வி நம் நாட்டில் மறுபடியும் ஒலித்தது வேறொரு தொழிலில். உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூரில் பாத்திரத் தொழில் பெயர்பெற்றது. பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து நிறுத்தும் ஒரு கருவிக்குப் பெற்ற உரிமை செல்லுமா என்ற வழக்கு பல்லாண்டுகள் நடந்து உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1978 டிசம்பரில் அம்மன்றம், அன்றைய நூலறிவைக் கொண்ட தேர்ந்த தொழிலாளிக்கு இது நடைமுறையில் வெளிப்படையாகத் தோன்றியிருக்குமா என்று கேட்டு, அது பழைய கருவியின் பட்டறைத் திருத்தமே என முடிவு செய்து உரிமையை நீக்கிற்று. லண்டனில் ஒரு மருந்துக்காக வடிக்கப்பட்ட கேள்வி மிர்சாப்பூர்ப் பாத்திரத்துக்கும் பொருந்தியது. நல்ல அளவுகோலுக்கு நாடும் தொழிலும் தடையல்ல.

உலக வணிக அமைப்பில் நாம் ஏற்ற கடமைகளின்படி, 2005 ஜனவரி முதல் மருந்துப் பொருளுக்கு நேரடியாகவே காப்புரிமை அளிக்கப்படுகிறது. உரிமைக் காலமும் இருபது ஆண்டுகளாகிவிட்டது. முறை என்ற ஒற்றை வாயில் இப்போது இரட்டை வாயிலாயிற்று. ஆதலின் 'இது வெளிப்படையானதா?' என்ற கேள்வியின் பாரம் குறையவில்லை, கூடியே இருக்கிறது. துறையறிந்தவனுக்கு வெளிப்படையாக இல்லாததே கண்டுபிடிப்பு என்பதை இன்றைய சட்டம் வரையறையாகவே எழுதி வைத்துள்ளது. ஒவ்வொரு முறை அக்கேள்வி எழும்போதும், ஒரு பக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் விழித்திருந்தவர்களின் உழைப்பும், மறுபக்கத்தில் மாதக் கடைசியில் மருந்துச் சீட்டுடன் கடை வாயிலில் நிற்பவர்களின் கையிருப்பும் தராசில் ஏறுகின்றன.

மூடுபனி விலகியபின் சமவெளியில் நிற்கும் மலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதனை வெள்ளிடைமலை என்கிறோம். ஆனால் பனி மூடியிருந்த காலையில் அங்கே நின்றவனுக்கு அது தெரிந்ததா என்பதே நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வி. லைப்சிக்கில் தெரியவில்லை என்றனர். லண்டனில் முன்னே சென்றவர்கள் வழி காட்டியிருந்ததால் தெரிந்தது என்றனர். பம்பாயில் தெரியவில்லை என்றனர். விடைகள் வேறுபட்டன, ஆயினும் அக்கேள்வியை மனச்சாய்வின்றிக் கேட்பதில்தான் நீதி இருக்கிறது. மலைமேல் ஏறுவோர் செலுத்த வேண்டிய சுங்கம் எவ்வளவு என்பது தனிக் கேள்வி. அதனை மக்களாகிய நாம், நம் பிரதிநிதிகளின் வாயிலாக, தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவ்விரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளாதவரையில் அறிவுக்கும் நலிவில்லை. நோயாளிக்கும் நம்பிக்கை உண்டு.